ஸ்டெப்னி இருந்த இடத்தில் டீசல்: தொலைதூரப் பயண வண்டிக்கு டேங்க் தேர்வது எப்படி?

டொயோட்டா பிராடோ 150 வரிசை ஆஸ்திரேலியாவில் விற்பனையில் இருந்தபோது டீசல் வண்டியின் கொள்ளளவு 150 லிட்டர். 87 லிட்டருக்கு ஒரு பிரதான டேங்க், 63 லிட்டருக்கு ஒரு துணை டேங்க். பிற்காலத்தில் அதே வண்டியைத் தட்டையான பின்கதவோடும் வாங்கலாம் என்று ஒரு வசதி கொடுத்தார்கள். கதவில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் போனது. பார்க்க அழகு, கதவைத் திறப்பதும் லேசு. ஆனால் ஸ்டெப்னி போய் உட்கார்ந்தது அந்தத் துணை டேங்கின் இடத்தில். அப்படி வாங்கியவர்களுக்கு மிஞ்சியது 87 லிட்டர்தான்.

லாங் ரேஞ்ச் டேங்க், அதாவது கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதல் எரிபொருள் பிடிக்கும் டேங்க், வாங்க நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். வண்டிக்கு அடியில் சும்மா கிடக்கும் இடம் என்று எதுவும் கிடையாது. ஒன்றை வைக்க வேண்டுமானால் இன்னொன்றை எடுக்க வேண்டும். இடத்தையாவது எப்படியோ சமாளித்துவிடலாம். எடைதான் சிக்கல். கடையில் நிற்கும்போது எல்லாரும் கேட்பது “எத்தனை லிட்டர் பிடிக்கும்?” என்பதை. கேட்க வேண்டியவை வேறு இரண்டு: நான் போகப்போகிற வழியில் இரண்டு பெட்ரோல் பங்க்குகளுக்கு நடுவே அதிகபட்ச தூரம் எவ்வளவு? என் வண்டியின் பின் ஆக்ஸில் (பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு) இன்னும் எத்தனை கிலோ தாங்கும்?

முதலில் தூரம். ஆஸ்திரேலியா என்றதும் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு பங்க் கூட இருக்காது என்று ஒரு படம் மனத்தில் வருகிறது. தார்ச்சாலையில் அது உண்மையில்லை. வெறும் பொட்டல் என்று பேர் வாங்கிய நல்லர்போர் சமவெளியைக் குறுக்கே கடக்கும் ஐர் நெடுஞ்சாலையில் கூட, ரோடுஹவுஸ்களுக்கு (பங்கும் சாப்பாடும் உள்ள சாலையோர நிறுத்தங்கள்) நடுவே 200 கி.மீ.க்கும் குறைவான இடைவெளிதான். லேவர்ட்டனிலிருந்து யுலாரா வரை 1,100 கி.மீ. ஓடும் கிரேட் சென்ட்ரல் ரோட்டின் பெரும்பகுதி மண் சாலை. அதிலும் ஜுகாயிர்லா, வார்பர்ட்டன், வாரகூர்னா என்று நடுநடுவே எரிபொருள் கிடைக்கிறது. கம்பெனி டேங்கோடு வரும் சாதாரண ஃபோர் வீல் டிரைவுக்கு இந்த வழிகள் பிரச்சினையே இல்லை. பங்க் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டால் போதும்.

உண்மையிலேயே பெரிய டேங்க் கேட்கும் வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் தலையானது மேற்கு ஆஸ்திரேலியாவின் கேனிங் ஸ்டாக் ரூட். வடக்கே கிம்பர்லியிலிருந்து தெற்கே தங்கச் சுரங்க ஊர்களுக்கு மாடுகளை ஓட்டி வருவதற்காக ஆல்ஃபிரட் கேனிங் 1906-07-ல் அளந்து, 1908-லிருந்து 1910 வரை கிணறுகள் தோண்டிய பாதை அது. பூர்வகுடி மக்களைச் சங்கிலியால் பிணைத்துத் தண்ணீர் இருக்கும் இடங்களைக் காட்டவைத்தது அதன் இருண்ட பக்கம். அதைப் பற்றி 1908-ல் விசாரணை ஆணையமே அமைந்தது. கிணறுகளுக்கு இடையிலான தூரம், மாடு எவ்வளவு நடக்கும் என்பதைப் பொறுத்து முடிவானது. யோசித்துப் பார்த்தால் இதுவும் நம் கணக்குதான். தண்ணீர் இல்லாமல் மாடு எத்தனை நாள் தாங்கும் என்று அன்றைக்குப் பார்த்தார்கள், டீசல் ஊற்றாமல் வண்டி எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று இன்றைக்கு நாம் பார்க்கிறோம்.

அந்தப் பாதையின் மொத்த நீளம் சுமார் 1,850 கி.மீ. வழியில் ஏறக்குறைய 900 மணற்குன்றுகள். தெற்கு முனையான விலூனாவிலிருந்து கிளம்பினால், நடுவே எரிபொருள் விற்கும் குனவரிட்ஜி என்ற பூர்வகுடிக் கிராமம் ஏறக்குறைய 1,000 கி.மீ. தள்ளி இருக்கிறது. சாமான் ஏற்றிய டீசல் வண்டி மணலில் 100 கி.மீ.க்கு 18, 20 லிட்டர் குடிக்கும். ஆக, அங்கே போய்ச் சேரவே 180 முதல் 200 லிட்டர் வேண்டும். கிணறுகளைப் பார்க்க ஒதுங்குவது, வெள்ளம் தேங்கிய இடத்தைச் சுற்றிப் போவது, பாதை மூடியிருந்தால் திரும்பி வருவது என்று ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்துக்கொண்டால் 220, 240 லிட்டர். லேண்ட்குரூசர் 78, அதாவது ‘ட்ரூப்பி’, கம்பெனியிலிருந்தே 90 லிட்டர் டேங்க் இரண்டோடு வந்து வருஷக்கணக்காகிறது. அதில் 20 லிட்டர் பிடிக்கும் ஜெர்ரி கேன் மூன்றைச் சேர்த்தால் கணக்கு முடிந்தது. நாட்டின் கடினமான பாதைக்கே தேவை இவ்வளவுதான் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிம்ப்சன் பாலைவனம் பெயரளவில் இன்னும் பயமுறுத்துவது. மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை நேர் வழியில் சுமார் 550 கி.மீ., குன்றுகள் 1,100-க்கு மேல். பாரம் ஏற்றிய வண்டி 100 கி.மீ.க்கு 20, 25 லிட்டர் குடித்தாலும் 110 முதல் 140 லிட்டரில் தாண்டிவிடலாம். 80 லிட்டர் டேங்க் உள்ள ஹைலக்ஸ், ரேஞ்சர் வண்டிகளை இரண்டு மூன்று கேன்களோடு ஓட்டிக் கடந்தவர்கள் ஏராளம். இங்கே டேங்கின் அளவைவிட டயர்க் காற்று முக்கியம். 35 பி.எஸ்.ஐ.யை 16, 18-க்கு இறக்கினால் டயர் மணலில் புதையாமல் பரவி நிற்கும், எஞ்சின் திணறாது, டீசலும் மிச்சம். போகும் திசையும் ஒரு விஷயம். குன்றுகளின் கிழக்கு முகம் செங்குத்தானது, மேற்கு முகம் சாய்வானது. மேற்கிலிருந்து கிழக்கே போகிறவருக்கு ஏற்றம் சுலபம். எதிர்த்திசையில் வருகிறவர் அதே பாலைவனத்துக்கு அதிகம் செலவழிப்பார்.

இந்தக் கணக்கு எல்லாமே உங்கள் வண்டியின் மைலேஜைப் பொறுத்தது. கம்பெனி விளம்பரத்தில் போடும் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள், அது காலி வண்டிக்கானது. பயணச் சாமான் மொத்தத்தையும் ஏற்றி, டேங்க் நிரம்பி வழிய ஊற்றி, இருநூறு முந்நூறு கி.மீ. ஓட்டி, மறுபடி நிரப்பிப் பாருங்கள். தார்ச்சாலைக்கு ஒன்று, மண்சாலைக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று என மூன்று எண்கள் கையில் இருக்க வேண்டும். கேரவன், அதாவது சக்கரம் வைத்த வீட்டை, வண்டிக்குப் பின்னால் இழுக்கிறவருக்கு நான்காவதாக ஒன்று.

அந்த நான்காவது எண்தான் இந்த வியாபாரத்தை ஓட்டுகிறது. லாங் ரேஞ்ச் டேங்க் வாங்குகிறவர்களில் பாலைவனத்துக்குப் போகிறவர்களைவிடக் கேரவன் இழுக்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பணி ஓய்வு பெற்று, வீட்டைப் பூட்டிவிட்டு நாட்டைச் சுற்றும் ‘கிரே நோமாட்’ தம்பதிகள். மூன்று டன் கேரவனை இழுத்துக்கொண்டு எதிர்க்காற்றில் போகும் லேண்ட்குரூசர் 100 கி.மீ.க்கு 20 லிட்டரைச் சாதாரணமாகக் குடிக்கும். 300 வரிசையில் டேங்க் 110 லிட்டர். முந்தைய 200 வரிசையில் 138 இருந்தது, குறைத்துவிட்டார்கள். 110 லிட்டருக்கு 500 கி.மீ. கூட நிம்மதியாகப் போக முடியாது. கேரவனைப் பின்னால் வைத்துக்கொண்டு சின்ன ஊர்ப் பங்கில் நுழைந்து திரும்புகிற அவஸ்தை வேறு. டேங்க் பெரிதாக இருந்தால் தேவலை என்று அவர்கள் நினைப்பதில் தப்பே இல்லை.

ஆனால் எடைமேடை வேறு கதை சொல்லும். டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.84 கிலோ, பெட்ரோல் 0.74. கூடுதலாக 100 லிட்டர் டீசல் என்றால் 84 கிலோ. இரண்டு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் செய்த பெரிய டேங்க், காலியாகவே 30, 40 கிலோ வரும். ஜி.வி.எம். என்பது வண்டி, ஆள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்த்துச் சட்டம் அனுமதிக்கும் மொத்த எடை. லேண்ட்குரூசர் 300-க்கு அது 3,280 கிலோ. விலை கூடிய ரகங்களில் பேலோட், அதாவது நாம் ஏற்றலாம் என்று விடப்படும் எடை, 650 கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது. கம்பெனி டேங்க் நிறைய டீசல் இருப்பதாக வைத்துத்தான் அந்த 650 வருகிறது என்பது ஒரு சின்ன ஆறுதல். புது டேங்கால் கூடுகிற லிட்டரை மட்டும் கணக்கில் சேர்த்தால் போதும்.

சரி, ஒரு குடும்பத்தை ஏற்றிப் பார்ப்போம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள்: 240 கிலோ. முன்பக்க புல் பாரும் (மோதல் தடுப்புக் கம்பி) வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி): 100 கிலோ. மூன்று டன் கேரவனின் மூக்கு வண்டியின் கொக்கியில் அழுத்தும் எடை, வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு: 300 கிலோ. ஆச்சு, 640. மிச்சம் பத்து கிலோ. ஃப்ரிட்ஜ் இன்னும் ஏறவில்லை, தண்ணீர் ஏறவில்லை, டூல் பெட்டி ஏறவில்லை. இதற்கு மேல் எந்த 100 லிட்டரை வைப்பது? எரிபொருள் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களிடம்தான் அதைச் சுமக்கும் எடை பாக்கியில்லை. விற்பனைத் தாளில் இதை யாரும் எழுதுவதில்லை. 300 வரிசை 3,500 கிலோ இழுக்கும் என்பார்கள். வண்டியின் 3,280-ஐ அதோடு கூட்டினால் 6,780. வண்டியும் இழுவையும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட எடையோ 6,750. முழுப் பாரத்தோடு முழுப் பாரத்தை இழுக்க முடியாது என்று கம்பெனியே ஒத்துக்கொண்ட மாதிரிதான்.

மொத்த எடை மட்டுமல்ல, அது எங்கே உட்காருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. பின் ஆக்ஸிலுக்கு முன்னால், சேஸிஸ் ஓரமாக இருக்கும் டேங்க் நல்ல பிள்ளை. பாரத்தை நான்கு சக்கரத்துக்கும் பகிர்ந்து கொடுக்கும். ஆக்ஸிலுக்குப் பின்னால், ஸ்டெப்னி இருந்த இடத்தில் தொங்கும் டேங்க் சீ-சா பலகை மாதிரி. சக்கரங்களுக்கு இடையே 2.85 மீட்டர் உள்ள லேண்ட்குரூசரில், ஆக்ஸிலுக்கு 0.9 மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால் பின் ஆக்ஸிலில் ஏறுவது 132 கிலோ. கூடுதலான அந்த 32 கிலோ முன்சக்கரத்திலிருந்து தூக்கப்பட்டது. ஸ்டியரிங் லேசாகும், பிரேக் பிடித்தால் முன்சக்கரத்தின் பிடி குறையும். கேரவன் கொக்கி இன்னும் பின்னால் இருப்பதால் அதன் 300 கிலோ, பின் ஆக்ஸிலுக்கு 430-ஐத் தாண்டும். கேரவன் இழுத்த இரட்டைக் கேபின் யூட் (பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்கப்) வண்டிகளின் சேஸிஸ் நடுவில் வளைந்து நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆக்ஸிலுக்குப் பின்னால் ஏற்றிய பாரமும் மண்சாலைக் குலுக்கலும் சேர்ந்து செய்யும் வேலை அது.

ஜி.வி.எம்.மை உயர்த்திக்கொள்ள ஸ்பிரிங் மாற்றி, பொறியாளர் சான்று வாங்கும் வழியும் இருக்கிறது. அதைப் பலர் செய்கிறார்கள். ஆனால் காகிதத்தில் எண் ஏறினாலும் சேஸிஸ் அதே சேஸிஸ்தான். தவிர, நிறைந்த டேங்குக்காகப் போட்ட கெட்டி ஸ்பிரிங், டேங்க் காலியானதும் முதுகை உடைக்கும்.

இனி டேங்க் வகைகள். ஒன்று, பழைய டேங்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரியதாக ஒன்றை மாட்டுவது. ஹைலக்ஸ், ரேஞ்சர் போன்றவற்றுக்கு இதுதான் வழக்கம். 80 லிட்டர் இருந்த இடத்தில் 120-லிருந்து 150 லிட்டர் வரை வரும். எரிபொருள் அளவு காட்டும் பழைய மிதவை, பழைய பம்ப், ஒரே மூடி, சிக்கல் குறைவு, பாரமும் ஆக்ஸிலுக்கு முன்னால். என்னைக் கேட்டால் பெரும்பாலானோருக்கு இது போதும். இன்னொன்று, பின்னால் துணை டேங்க் சேர்ப்பது, அல்லது ஏற்கெனவே இருக்கும் துணை டேங்கைப் பெரிதாக்குவது. லிட்டர் நிறைய கிடைக்கும். ஆனால் ஸ்டெப்னி இடம்பெயர வேண்டிவரலாம். அதற்குப் பின்பம்பரில் ஒரு தாங்கி, அந்தத் தாங்கிக்கு எடை. பாருங்கள், டீசலுக்காக ஆரம்பித்த செலவு இரும்பில் போய் நிற்கிறது. மேடு ஏறி இறங்கும்போது பின்பகுதி தரையில் இடிக்கும் வாய்ப்பும் கூடும்.

துணை டேங்குக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, மறைக்கக்கூடாது. இரண்டு டேங்கும் தனித்தனி. ஒதுக்குப்புறத்தில் தண்ணீர் கலந்த டீசலை ஊற்றிக்கொள்ள நேர்ந்தால், இன்றைய காமன் ரெயில் எஞ்சினின் (டீசலை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் வகை) பம்பும் இன்ஜெக்டர்களும் ஒரே நாளில் போய்விடும், செலவோ பல ஆயிரம் டாலர். நம்பிக்கையில்லாத இடத்து டீசலைத் துணை டேங்கில் ஊற்றிக்கொண்டு, நல்லதைப் பிரதான டேங்கில் வைத்து ஓட்டலாம். இதற்கு ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு டீசல் மாற்றும் பம்ப் தானாக ஓடாமல் சுவிட்ச் போட்டால் மட்டும் ஓடுவதாக இருக்க வேண்டும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சுவிட்ச் வகையில் இன்னொரு வசதி: தார்ச்சாலையிலேயே பின் டேங்கைக் காலி செய்துவிட்டு, மணலில் இறங்கும்போது பின்பாரம் இல்லாமல் இறங்கலாம். எதிர்ப்பக்கம், நகரத்தில் ஓட்டும்போது துணை டேங்கை மறந்துபோனால் டீசல் மாதக்கணக்கில் கிடந்து, அடியில் ஈரம் சேர்ந்து, அதில் நுண்ணுயிர் வளர்ந்து சளி மாதிரி படியும். பயணத்தின் முதல் நாளே ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

எந்தப் பொருளில் செய்தது என்ற சண்டை நம்மூர் இட்லி-தோசைச் சண்டை மாதிரி முடிவில்லாதது. அலுமினியப் பூச்சுக் கொடுத்த இரும்பு ஒரு கட்சி, பிரௌன் டேவிஸ், லாங் ரேஞ்சர் கம்பெனிகளின் டேங்குகள் இந்த வகை. ஏ.ஆர்.பி. கம்பெனியின் ஃபிரன்டியர் டேங்க், அச்சில் சுழற்றி வார்த்த பாலிஎதிலீன். இரும்பு கல்லடியில் நசுங்கும், ஆனால் நசுங்கிய பிறகும் பெரும்பாலும் ஒழுகாது. எந்தச் சின்ன ஊரிலும் வெல்டிங் தெரிந்தவர் இருப்பார் என்று நினைக்கிறோம். ஆனால் டீசல் ஆவி நிறைந்த டேங்கில் வெல்டிங் வைப்பது யாரும் சும்மா செய்துவிடக்கூடிய வேலையல்ல. பாலிஎதிலீன் துருப்பிடிக்காது, அடிபட்டால் உள்வாங்கி மறுபடி எழும்பும், ஒட்டுப்போட்ட விளிம்பு இல்லாததால் விரிசலுக்கு இடம் குறைவு. வடிவத்துக்கு ஏற்ப வளைத்து வார்க்க முடிவதால் சந்து பொந்தையும் நிரப்பிக்கொள்ளும். எனக்கு இதன் மேல் கொஞ்சம் சாய்வு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

பொருளைவிட நான் அதிகம் பார்ப்பது சின்னச் சின்ன விஷயங்களை. முதலாவது, தகரக் கூரையைப் படுக்கப்போட்ட மாதிரி வரிவரியாகக் கிடக்கும் மண்சாலையில் எழுநூறு கி.மீ. ஓடினால், உள்ளே இருக்கும் டீசல் சுத்தியல் மாதிரி சுவரில் அடிக்கும். அதைத் தடுக்க உள்ளே குறுக்குத் தடுப்புகள் வேண்டும். அப்புறம் டேங்கைத் தாங்கும் பட்டை. ஒழுகுவதைவிடப் பட்டை விரிசல் விட்டுத் தொங்குவதைத்தான் நான் அதிகம் கேள்விப்படுகிறேன். காற்றுப்போக்கிக் குழாய் சரியில்லை என்றால் பங்கில் நாசில் டக் டக்கென்று கட்டாகிக்கொண்டே இருக்கும். 150 லிட்டரை அப்படிச் சொட்டுச் சொட்டாக ஊற்றும்போது பின்னால் நிற்கிறவர் ஹாரன் அடிப்பார். டேங்கின் அடியில் தண்ணீர் வடிக்க ஒரு போல்ட், சைலன்சர் குழாய்க்கும் டேங்குக்கும் நடுவே வெப்பத் தடுப்பு, இவ்வளவும் இருக்கிறதா என்று படுத்துப் பார்த்துவிடுங்கள். ஆஸ்திரேலிய வடிவமைப்பு விதிகளுக்கு ஏற்றது என்ற சான்று இல்லாததை வாங்கவே வேண்டாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதை.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒரு தனிச் சொல். நிசான் பேட்ரோல் வி8-இல் 140 லிட்டர் டேங்க் இருக்கிறது. மணலில் அதன் பசிக்கு அது சீக்கிரம் தீரும். அதற்கு மேல், உள்நாட்டுப் பூர்வகுடிக் கிராமங்கள் பலவற்றில் சாதாரண பெட்ரோலே கிடைக்காது. பெட்ரோலை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் பழக்கம் இளைஞர்களைச் சீரழித்ததால், முகர்ந்தாலும் போதை தராத ‘ஓபல்’ என்ற ரகத்தை பி.பி. நிறுவனம் 2005-ல் கொண்டுவந்தது. நல்ல காரியம், வண்டிக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அது 91 ஆக்டேன். 95 கேட்கும் வண்டிக்காரர் நல்ல பெட்ரோலைத் தானே சுமந்து போக வேண்டும். பெரிய டேங்குக்கு இது நியாயமான காரணம்.

பணக் கணக்கு சொல்லி டேங்கை நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. “குனவரிட்ஜி மாதிரி இடத்தில் லிட்டர் மூன்று டாலருக்கு மேல், ஊரிலேயே நிரப்பிக்கொண்டால் லாபம்” என்பார்கள். லிட்டருக்கு ஒரு டாலர் மிச்சம் என்றே வைப்போம். கூடுதல் 100 லிட்டருக்கு ஒரு தடவைக்கு 100 டாலர். மாட்டும் கூலியோடு டேங்குக்கு 2,000 டாலர் ஆனால், போட்டதை எடுக்க இருபது தடவை அவ்வளவு தூரம் போக வேண்டும். வாழ்நாளில் இரண்டு தடவை போனாலே பெரிய விஷயம். அந்த ரோடுஹவுஸ்கள் டீசல் விற்றுத்தான் விளக்கை எரிய வைக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் டேங்கை நிரப்பிக்கொண்டு தாண்டிப் போனால், டயர் வெடித்த அன்று உதவிக்கு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை பாலைவனம் போகிறவருக்கு ஜெர்ரி கேன் போதும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களை பிரிட்டிஷ் சிப்பாய்கள் ‘ஜெர்ரி’ என்று கூப்பிட்டார்கள். அவர்களிடமிருந்து பார்த்துச் செய்த கேன் என்பதால் அந்தப் பெயர். எண்பது வருஷம் ஆகியும் வடிவம் பெரிதாக மாறவில்லை. ஆஸ்திரேலியத் தரமான ஏ.எஸ். 2906 குறி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இருபது லிட்டர் டீசல் கேனோடு சேர்த்து 20 கிலோ சுற்றி வரும். கேபினுக்குள் வைக்காதீர்கள், கூரையில் நாலைந்து அடுக்கினால் சரிவில் வண்டி சாயும். யூட்டின் பின்தொட்டியில், ஆக்ஸிலுக்கு முன்னால், கட்டி வைப்பதுதான் சரி. முதல் 60 லிட்டர் தீர்ந்ததும் கேனை ஊற்றிவிட்டால் பாரம் பழையபடி அடியில் போய்ச் சேரும். பயணம் முடிந்ததும் கேன் கராஜுக்குப் போகும். டேங்க் போகாது, ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கூடவே வரும். அப்படியே டேங்க் போட்டுவிட்டாலும், அதை எப்போதும் நிரப்பியே வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நகரத்தில் பாதி போதும்.

மாட்டிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். பழைய மிதவை புது டேங்கின் உயரத்துக்குச் சரியாகப் பொருந்தாது. முள் முந்நூறு கி.மீ. வரை ‘ஃபுல்’லிலேயே நின்றுவிட்டு, அப்புறம் கிடுகிடுவென்று இறங்கும். டிஸ்ப்ளேயில் காட்டும் ‘இன்னும் இத்தனை கி.மீ. போகலாம்’ என்ற எண் பழைய டேங்கையே நினைத்துக்கொண்டிருக்கும். அதனால் வீட்டுக்குப் பக்கத்திலேயே, முள் முக்காலில், பாதியில், காலில் நிற்கும்போதும், விளக்கு எரியும்போதும் பங்குக்குப் போய் எத்தனை லிட்டர் ஏறுகிறது என்று பாருங்கள். விளக்கு எரிந்த பிறகு வண்டியை நிற்கும்வரை ஓட்டிப் பரிசோதிக்க வேண்டாம், காமன் ரெயில் டீசலில் காற்று புகுந்தால் வினை. அந்த நாலு எண்ணையும் ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதி சன் வைசரின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். மணற்குன்றுகளுக்கு நடுவே முள் பாதிக்குக் கீழே சரியும்போது நிமிர்ந்து பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.